தீபாவளிப் பட்டாசு: வாங்கும் முன்பும் கொளுத்தும் முன்பும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடும் கேள்விகள் இவை. பதில்கள் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கானவை. பட்டாசுச் சட்டம் என்றாலே பலருக்கு "இரண்டு மணி நேரம்" மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நடந்த விபத்துகளைப் பார்த்தால், நேரத்தை மீறியதால் போன உயிர்களைவிட, கடையிலும் கிடங்கிலும் தூரத்தை மதிக்காததால் போன உயிர்களே அதிகம். அதனால் கடை பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

ஒவ்வொரு வருடமும் "பட்டாசுக்குத் தடை" என்று செய்தி வருகிறதே, நமக்கும் தடையா?

இல்லை. அந்தச் செய்தி பெரும்பாலும் டெல்லியைப் பற்றியது. 2015இல் டெல்லியைச் சேர்ந்த சில பெற்றோர் தங்கள் கைக்குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அர்ஜுன் கோபால் வழக்கு என்று சட்ட வட்டாரத்தில் சொல்வது இதைத்தான். 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பில், நாடு முழுக்க ஒட்டுமொத்தத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதற்குப் பதிலாக நிபந்தனைகள் வந்தன: புகை குறைந்த பட்டாசும் பசுமைப் பட்டாசும் மட்டும், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், சரவெடி கூடாது, பேரியம் உப்பு என்ற ரசாயனம் சேர்க்கக் கூடாது, ஆன்லைன் விற்பனை கூடாது.

டெல்லியில் காற்று மோசமாக இருப்பதால் அங்கே அதற்கு மேலும் கட்டுப்பாடுகள் வந்தன. முழுத் தடையும் வந்தது. 2025 அக்டோபரில்தான் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் சில நாள் அனுமதி கிடைத்தது. நமக்குத் தடை இல்லை, ஆனால் நிபந்தனைகள் உண்டு. "அதெல்லாம் டெல்லிக்குத்தான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இவை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எத்தனை மணிக்கு வெடிக்கலாம்?

தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. 2018இலிருந்து இதே நேரம்தான் அறிவிக்கப்பட்டு வருகிறது. ஆனாலும் பண்டிகைக்குச் சில நாள் முன்பு வரும் அரசு அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி இரண்டு துண்டாக?

தீர்ப்பு முதலில் எல்லோருக்கும் இரவு 8 முதல் 10 வரை என்றுதான் சொன்னது. வடக்கே இரவில் லட்சுமி பூஜை முடித்துவிட்டு வெடிக்கிறவர்களுக்கு அது சரியாக இருக்கும். நமக்கோ விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்ட கையோடு முதல் வெடி. தமிழ்நாடு அரசு இதைச் சொல்லி அதிகாலை 4.30 முதல் 6.30 வரை கூடுதலாகக் கேட்டது. நேரத்தை மாநிலமே முடிவு செய்துகொள்ளட்டும், மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 அக்டோபர் 30 அன்று நீதிமன்றம் திருத்திச் சொன்னது. அதை அரசு காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று பங்கு போட்டது.

அப்புறம், இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கக் கூடாது என்பது இதற்கெல்லாம் முன்பே, 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, விடிகாலை நான்கு மணிக்குத் தெருவை எழுப்பும் அந்த முதல் வெடி இரண்டு உத்தரவுகளையும் ஒரே சமயத்தில் மீறுகிறது. நான்கு மணிக்கு வெடிக்காத தெரு எது என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்தான்.

மீறினால் என்ன செய்வார்கள்?

வழக்குப் போடுவார்கள், ஒவ்வொரு தீபாவளிக்கும் போடத்தான் செய்கிறார்கள். அரசு உத்தரவை மீறியதற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு இருக்கிறது. வெடிபொருளை அலட்சியமாகக் கையாண்டு அடுத்தவருக்கு ஆபத்து உண்டாக்கினால் 288ஆம் பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரும்பாலும் அபராதத்தோடு முடியும். ஆனால் அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்கும் வயதில் இருக்கும் பையன்களுக்கு எஃப்ஐஆர் என்பதே போதுமான தண்டனை.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, கல்யாணம், திருவிழா?

கிறிஸ்துமஸுக்கும் ஆங்கிலப் புத்தாண்டுக்கும் 2018 தீர்ப்பிலேயே நேரம் இருக்கிறது: இரவு 11.55 முதல் 12.30 வரை. கல்யாணம், கட்சி ஊர்வலம், இறுதி ஊர்வலம் எதற்கும் தனிச் சலுகை கிடையாது. என்ன பட்டாசு, எவ்வளவு சத்தம், இரவு பத்து மணி என்ற விதிகள் அங்கேயும் செல்லும்.

கோயில் திருவிழாவில் வாணவேடிக்கை நடத்துவது வேறு கணக்கு. அது பொதுக் காட்சி. அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும், கொளுத்துகிறவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். 2016 ஏப்ரலில் கேரளத்தின் பரவூர் புற்றிங்கல் கோயிலில் நூறு பேருக்கு மேல் இறந்தார்களே, அந்த வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. அதையும் மீறித்தான் நடத்தினார்கள்.

பசுமைப் பட்டாசு என்றால் புகையே வராதா?

வரும். "பசுமை" என்ற பெயர் கொஞ்சம் அதிகப்படி என்பது என் எண்ணம். நாக்பூரில் இருக்கும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், சுருக்கமாக நீரி, உருவாக்கிய கலவைகளில் செய்யப்படும் பட்டாசு இது. பேரியம் நைட்ரேட் இருக்காது, அலுமினியம் குறைவு, சில வகைகளில் எரியும்போது நீராவி வெளியாகித் தூசியை அமுக்கும். பழைய பட்டாசைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவான தூசி, அவ்வளவுதான். ஆஸ்துமா இருக்கும் தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று அர்த்தமில்லை. கையைச் சுடுவதிலும் எந்தக் குறையும் வைக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியின் மேல் நீரியின் பச்சை லோகோவும் கியூஆர் கோடும் இருக்க வேண்டும். அதை நீரியின் செயலியில் ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர் விவரம் வரும். போலி லோகோ அச்சடித்த பெட்டிகளும் சந்தையில் உண்டு; உச்ச நீதிமன்றமே அதைப் பற்றிக் கடுமையாகப் பேசியிருக்கிறது. எனவே ஸ்கேன் செய்தும் ஒன்றும் வரவில்லை என்றால் அந்தப் பெட்டி வேண்டாம். தயாரிப்பாளர் பெயர், ஊர், கொளுத்தும் முறை எதுவுமே இல்லாத பெட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். சீனப் பட்டாசுக்கும் இதே பதில்தான். கந்தகத்தோடு குளோரேட் கலந்த பட்டாசு 1992லிருந்தே இங்கே தடை செய்யப்பட்டது. உரசினாலோ தட்டினாலோகூட வெடித்துவிடும் கலவை அது.

சரவெடி விற்கிறார்களே, வாங்கினால் தப்பா?

பத்தாயிரம் வாலா என்று மாலை மாலையாகத் தொங்குவதெல்லாம் 2018லிருந்து தடைதான். காரணம் சத்தம் மட்டுமல்ல, ஒரே இடத்தில் குவியும் புகையும் குப்பையும். சரவெடிக்கும் பேரியத்துக்கும் அனுமதி கேட்டுத் தயாரிப்பாளர்கள் மறுபடி போனபோது 2023 செப்டம்பரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. சிவகாசியில் சரம் பின்னியே பிழைத்த குடும்பங்களுக்கு இது பெரிய அடி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

சத்தத்துக்கு அளவு உண்டா?

உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவும் விற்கவும் கூடாது என்பது 1999லிருந்து இருக்கும் விதி. வீட்டில் யாரும் டெசிபல் அளக்கப்போவதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது இடத்தைத்தான்: மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், வழிபாட்டுத் தலம் இவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் வெடி வெடிக்கக் கூடாது.

எந்தக் கடையில் வாங்குவது?

உரிமம் உள்ள கடையில். இது எல்லாரும் சொல்வதுதான். ஆனால் உரிமம் எதற்காகத் தருகிறார்கள், எதைப் பார்த்துத் தருகிறார்கள் என்று தெரிந்தால் நீங்களே கடை வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் எல்லாம் இருக்கிறது.

நிரந்தரக் கடை என்றால் செங்கல், கல் அல்லது கான்கிரீட் கட்டடம். தரைத்தளத்தில் இருக்க வேண்டும், அடித்தளத்தில் கூடாது. மேலே ஆள் குடியிருக்கக் கூடாது. மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் பக்கத்தில் கூடாது. உள்ளே போக ஒரு வழி, அவசரத்துக்கு வெளியேற இன்னொரு வழி, இரண்டின் கதவும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பதறி ஓடும் கூட்டம் உள்பக்கம் திறக்கும் கதவைத் தானே அழுத்தி மூடிவிடும். அதனால்தான் இந்த விதி.

மைதானத்தில் போடும் தற்காலிகக் கடை என்றால் தீப்பிடிக்காத தகரக் கொட்டகை. கொட்டகைக்கும் கொட்டகைக்கும் மூன்று மீட்டர் இடைவெளி. எதிரெதிராக வாசல் வைக்கக் கூடாது, ஏனென்றால் ஒன்றிலிருந்து சீறும் ராக்கெட் நேராக எதிர்க்கடைக்குள் போகும். ஒரே இடத்தில் ஐம்பது கடைக்கு மேல் கூடாது. ஐம்பது மீட்டருக்குள் வெடித்துக் காட்டக் கூடாது. விளக்கு சுவரிலோ கூரையிலோ பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

நீங்கள் போகும் கடையில் அண்ணாந்து பாருங்கள். மத்தாப்புப் பெட்டி அடுக்குக்கு மேலே, ஒயரில் ஆடிக்கொண்டிருக்கும் எல்இடி பல்பு, ஜாயின்ட்டில் சுற்றிய செல்லோடேப். அந்தக் கடைக்காரர் உரிமத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தாலும் விதியை மதிக்கவில்லை என்று அர்த்தம். வாசலில் டீக்கடை அடுப்பு எரிகிறதா? அடுத்த கடைக்குப் போங்கள்.

இது வீண் பயமில்லை. 2021 அக்டோபரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் கடைவீதிப் பட்டாசுக் கடை ஒன்று வெடித்ததில் பக்கத்துக் கடைகளும் சேர்ந்து இடிந்தன, உயிர்கள் போயின. 2023 அக்டோபரில் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது கடையும் கிடங்கும் சேர்ந்து எரிந்து 14 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் நம் ஊரிலிருந்து சீசன் வேலைக்குப் போன இளவயதுப் பையன்கள்.

வீட்டில் வைத்து விற்கும் தெரிந்தவரிடம் வாங்கலாமா?

வேண்டாம். உரிமம் இல்லாமல் பட்டாசு விற்பது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தத் தெரிந்தவரின் கட்டிலுக்கடியில்தான் அத்தனை சரக்கும் இருக்கும். அதே வீட்டில்தான் சிலிண்டரும் இருக்கும்.

சிவகாசியிலிருந்து நேரடியாக ஆன்லைனில் ஆர்டர் போடலாமா? எல்லாரும் போடுகிறார்களே?

2018 தீர்ப்பு இணைய வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுப்பதைத் தெளிவாகத் தடுத்திருக்கிறது. அதனால்தான் பல தளங்களில் "வாங்கு" என்ற பொத்தான் இருக்காது. விலைப்பட்டியலில் டிக் அடித்து "விசாரணை" அனுப்புவீர்கள். வாட்ஸ்அப்பில் ஆள் வருவார். பணம் கட்டியதும் பெட்டி லாரி ஆபீஸுக்கு வந்து சேரும். இது தடையைச் சுற்றிப் போகும் வழிதானே தவிர, தடை நீங்கிவிட்டது என்பதில்லை. கூரியரிலும் தபாலிலும் பட்டாசு அனுப்புவது அறவே கூடாது. "வீட்டு உபயோகப் பொருள்" என்று எழுதி அனுப்புகிறவர், அந்த மூட்டையைத் தூக்கி எறியும் தொழிலாளியின் உயிரோடு விளையாடுகிறார்.

இதைவிடப் பெரிய தலைவலி மோசடி. செப்டம்பர் வந்தாலே சிவகாசி முகவரி போட்ட போலித் தளங்களும் சமூக ஊடக விளம்பரங்களும் முளைக்கும். முன்பணம் கட்டிய மறுநாள் அந்த எண் அணைந்திருக்கும். ஏமாந்துவிட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. புகார் செய்தால் நம்மையும் கேட்பார்களோ என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மோசடிக்காரன் நம்பியிருப்பதும் அந்தத் தயக்கத்தைத்தான்.

90 சதவீதம் தள்ளுபடி என்கிறார்களே, எப்படிக் கட்டுப்படியாகிறது?

பெட்டியில் அச்சடித்த விலை அதற்கேற்றபடி ஏற்றி வைக்கப்பட்டது. அந்த விலைக்கு யாரும் விற்பதுமில்லை, வாங்குவதுமில்லை. தள்ளுபடியை மறந்துவிட்டுக் கையில் கொடுக்கும் தொகையை மட்டும் இரண்டு கடையில் ஒப்பிடுங்கள். பட்டாசுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பில் கேளுங்கள். பெட்டி பழுதாக இருந்தாலோ, விபத்து நடந்து கேள்வி வந்தாலோ உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அந்தப் பில்தான்.

பட்டாசுச் சீட்டுக் கட்டலாமா?

மாதாமாதம் கட்டி, தீபாவளிக்குப் பெட்டியும் ஸ்வீட்டும் வாங்கும் இந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவை எங்கும் பதிவாகாதவை. நடத்துகிறவர் நல்லவராக இருந்தால் பெட்டி வரும், இல்லாவிட்டால் வராது. இதற்கு மேல் பாதுகாப்பு ஒன்றுமில்லை. ஒழுங்குமுறை இல்லாத இத்தகைய வைப்புத் திட்டங்களை நடத்துவது 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஊருக்குப் போகும்போது பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுபோகலாமா?

கூடாது. ரயிலில் பிடிபட்டால் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்புதானே என்ற வாதம் செல்லாது. பஸ், மெட்ரோ, விமானம் எதிலும் அனுமதியில்லை. போகிற ஊரிலேயே வாங்கிக்கொள்வதுதான் வழி.

குழந்தைகள் வெடிக்கலாமா?

வெடிபொருள் சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் படித்தால், 18 வயது நிரம்பாதவருக்குப் பட்டாசு விற்கவே கூடாது. அவர் அதை வைத்திருக்கவும் கூடாது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: காசு கொடுத்துப் பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பாதீர்கள், வெடியைப் பெரியவர்கள் கொளுத்துங்கள்.

கம்பி மத்தாப்பைச் சாதுவானது என்று நினைத்துத்தான் மூன்று வயதுக் குழந்தை கையில் கொடுக்கிறோம். அதன் நுனிச் சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். எரிந்து முடிந்த கம்பி கறுத்துப்போய்த் தரையில் கிடக்கும், இருட்டில் தெரியாது. வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை நேராக அதன்மேல் கால் வைக்கும். ஒரு வாளித் தண்ணீரை நடுவில் வைத்து, முடிந்த கம்பியை அதில் போட்டால்தான் அடுத்தது என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அந்த "சொய்ங்" சத்தமும் பிடிக்கும்.

கொளுத்தும்போது வேறென்ன கவனிக்க வேண்டும்?

பருத்தித் துணி, செருப்பு, பின்னிய தலைமுடி. பட்டுப்பாவாடையும் நைலான் துப்பட்டாவும் போட்டோ எடுத்ததும் கழற்றப்பட வேண்டும். நீளமான ஊதுவத்தியால், கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக் கொளுத்துங்கள். புஸ்வாணத்தின்மேல் குனியவே குனியாதீர்கள். அது பூவாகச் சொரியாமல் குண்டாக வெடிப்பதும் உண்டு. ராக்கெட்டைச் சாயாத பாட்டிலில், குடிசையோ வைக்கோல் போரோ இல்லாத பக்கம் பார்த்து விடுங்கள். வெடிமேல் கொட்டாங்கச்சியையோ டப்பாவையோ கவிழ்ப்பது விளையாட்டில்லை; சிதறுகிற துண்டு கண்ணைத்தான் தேடி வரும். கைக்கு சானிடைசர் போட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.

புஸ்ஸென்று போன வெடியை என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். திரி உள்ளே கனன்றுகொண்டிருக்கும். கால் மணி நேரம் கழித்து, தூரத்திலிருந்தே தண்ணீரை ஊற்றுங்கள். "ஊதிப் பார்க்கிறேன்" என்று கிட்டே போகும் அண்ணன் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். அவரைப் பிடித்து இழுப்பது உங்கள் வேலை.

அபார்ட்மெண்டில்?

பால்கனியிலும் மாடிப்படியிலும் கூடாது. எல்லாரும் ஒரே இடத்தில் சேர்ந்து வெடிப்பதையே 2018 தீர்ப்பும் சொல்கிறது. வண்டிகளும் ஜெனரேட்டரும் இல்லாத ஒரு மூலையைச் சங்கம் முன்பே குறித்துச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

தீப்புண் பட்டால்?

குழாயைத் திறந்து, சாதாரணத் தண்ணீர் இருபது நிமிடம் ஓடட்டும். ஐஸ் வேண்டாம். பேனா மை, டூத்பேஸ்ட், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். அவற்றைச் சுரண்டி எடுப்பதே மருத்துவமனையில் இன்னொரு வேதனை. வீங்குமுன் மோதிரம், வளையல் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு கிளம்புங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல், அழுத்தாமல் நேராகக் கண் மருத்துவமனைக்கு. ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101. சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு பெரியது.

தெருநாய்கள், பறவைகள்?

நாய் வாலில் வெடி கட்டுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டு நாயை மாலையில் உள்ளறையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, டிவியைப் போட்டு விடுங்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாக வெடியே வெடிப்பதில்லை. அதற்குச் சட்டம் எதுவும் போடவில்லை. ஊர்க்காரர்கள் தாங்களே எடுத்த முடிவு.

மிச்சமான பட்டாசையும் குப்பையையும் என்ன செய்வது?

கார்த்திகைக்கு எடுத்து வைப்பதென்றால் அடுக்களையிலோ இன்வர்ட்டர் பக்கத்திலோ பூஜையறையிலோ வைக்காதீர்கள். பெட்டியோடு, உலர்ந்த இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நமுத்த வெடியைத் தோசைக்கல்லில் சூடு காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேண்டாம். மருந்தைக் கொட்டிச் சேர்த்து நாமே ஒன்று செய்வது ஆபத்து மட்டுமல்ல, உரிமமில்லாத வெடிபொருள் தயாரிப்பு என்றே சட்டம் பார்க்கும். வேண்டாத வெடியை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு விடுங்கள். வெடித்த காகிதக் குப்பையைக் கொளுத்தாமல் கூட்டித் தனிச் சாக்கில் கட்டிக் கொடுங்கள். சென்னை மாநகராட்சி அதை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாக எடுத்து, கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்புகிறது.